முப்பத்தொன்றாம் பாகை

மூன்றுக்கும் எட்டுக்கும்
ஒரு புள்ளிதான் வித்தியாசம்,
எழுத்துகளையே எண்களாக வைத்து எழுதிய
அந்த நாள் அரபிக் கணக்கர்களுக்கு.
வயிற்றில் புள்ளி இருந்தால் ஜீம், மூன்று.
இல்லையென்றால் ஹா, எட்டு.
சூதானமான எழுத்தர்கள் ஜீமின் வாலை நறுக்கிவிடுவார்கள்,
குழப்பம் வராது.
என் ஆள் நறுக்காதவன்.

என் ஆள் என்றால்
அறுநூறு வருடத்துக்கு முந்தைய ஏதோ ஒரு குளிர்காலத்தில்
சைன் அட்டவணையைப் படியெடுத்துவிட்டு
பெயர் போடாமல் போனவன்.
நாலு வருடமாக அவனோடுதான் குடித்தனம்.
ஷீராஸிலிருந்து தங்கை போனில் கேட்கிறாள்:
பரஸ்தூ, இன்னும் அதே பக்கமா?
பக்கம்கூட இல்லையடி,
ஒரு பத்தி.

அவளுக்கு ஒருமுறை விளக்கினேன்.
சரியான விடைக்கு உறவினர் கிடையாது.
தப்ரீஸில் ஒருவனும் கெய்ரோவில் ஒருவனும்
ஒருவர் முகம் ஒருவர் பாராமலே
அந்த எண்ணுக்கு வந்து சேரலாம்.
பிழைக்குத்தான் குலம் கோத்திரம்.
இரண்டு பிரதிகளில் ஒரே இடத்தில் ஒரே தப்பு என்றால்
ஒன்று மற்றதன் பிள்ளை,
அல்லது இரண்டுக்கும் ஒரே தகப்பன்.
உன் கல்யாணத்தில் மாமாக்களின் மூக்கு மாதிரி என்றேன்.
சிரித்தாள்.

முப்பத்தொன்றாம் பாகை.
முப்பது, ஐம்பத்து நான்கு, எட்டு
என்று முடிய வேண்டிய வரிசை.
தப்ரீஸ் பிரதியில் கடைசி எண் மூன்று.
இஸ்தான்புல் பிரதியின் கறுப்பு வெள்ளைப் படத்திலும்
மூன்று.
அந்த ஒற்றை மூன்றின் மேல்
நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுப்பினேன்:
யார் யாரிடம் வாங்கினார், எந்தப் படையெடுப்புக்கு முன்னால்,
எந்தக் கணவாய் வழியாக.
வரைபடம் வேறு, இரண்டு வண்ணத்தில்.

மார்ச்சில் அசலைப் பார்க்க அனுமதி வந்தது.
பேனா கூடாது, பென்சில் மட்டும்.
நுரைத் தலையணையில் சாய்த்து வைத்தார்கள் புத்தகத்தை.
கூரையில் கடற்பறவைகளின் சண்டை.
விளக்கைப் பக்கவாட்டில் திருப்பினேன்.
மற்ற புள்ளிகளெல்லாம் தாளுக்குள் இறங்கியிருந்தன.
இது மட்டும் மேலே உட்கார்ந்திருந்தது,
லேசாக மினுங்கிக்கொண்டு.

பழுது பார்க்கும் மெலிகேயைக் கூப்பிட்டேன்.
லென்ஸை வைத்தாள், மூச்சைப் பிடித்தாள்.
ஸினெக், என்றாள்.
ஈ.
மை இல்லை, ஈயின் எச்சம்.
சொன்னால் சுரண்டி எடுத்துவிடுகிறேன்,
வேண்டாமென்றால் இருக்கட்டும், அதுவும் பழசுதான்.

மூன்று எட்டாயிற்று.
சரியாயிற்று,
அதனால் அநாதையாயிற்று.
பிழையே செய்யாத ஒருத்தனை நம்பியா
இத்தனை நாள் இருந்தேன்.

பத்தியின் தலையில் சிவப்பு மையில்
ஜைப் என்று எழுதியிருக்கிறது.
ஜேபி. சட்டைப் பை.
எங்கள் ஊரிலும் அதே சொல், இங்கேயும் அதே.
இந்தியாவில் அது வில்லின் நாணாக இருந்தது.
ஓசையை மட்டும் வாங்கி, உயிர்க்குறி போடாமல் எழுதினார்கள்.
பின்னால் வந்தவன் பை என்று வாசித்தான்.
லத்தீன்காரன் அதை மார்மடிப்பு என்று பெயர்த்தான்.
நாண் எங்கே போயிற்றென்று ஒருவரும் தேடவில்லை.
அதனால் எந்தக் கோணமும் கோணிப்போகவும் இல்லை.

வழிகாட்டிக்கு ஒரு வரி அனுப்பினேன்:
மூன்றாம் அத்தியாயம் இல்லை.
பதில் படகுத்துறையில் வந்தது:
ஈயை அடிக்குறிப்பில் போடு.

இரவு உஸ்குதார் அறையில், கால்குலேட்டரைத் தொடாமல்,
அவன் காலத்து வழியில்
அறுபது அறுபதாகப் போட்டுப் பார்த்தேன்.
இரண்டு தடவை தப்பு. வெவ்வேறு தப்பு.
மூன்றாம் தடவை, பாங்கு சொல்லும் நேரத்தில்,
எட்டு.
அவன் பார்த்து எழுதினானா
இப்படி உட்கார்ந்து போட்டு எழுதினானா,
எட்டு வாயைத் திறக்கவில்லை.

சரியான தாளைக் குப்பையில் போட்டேன்.
தப்பான இரண்டையும் மடித்து
கோட்டு ஜேபியில் வைத்திருக்கிறேன்.